ஐயா வேறு, அப்பா வேறு

ஆமாம், செத்துப்போனவன் நான்தான். உள்ளே வாரும். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காரும்.

முழிக்காதேயும் தம்பி. வருகிறவன் எல்லாம் இப்படித்தான் முழிக்கிறான். பழகிவிட்டது. நீர் என் பெண்டாட்டி பேச்சியம்மாளைத் தேடி வந்தீர். அவள் இல்லை. மெட்ராசில் மகளோடு இருக்கிறாள். நீர் மெட்ராசில் இருந்து கோவில்பட்டிக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து இங்கே வந்து நிற்கிறீர். ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் புறப்படக் கூடாதா? பத்திரிகைக்காரர் என்கிறீர்.

டீ கிடையாது. பால் வாங்குவதில்லை. தண்ணீர் வேண்டுமானால் குடத்தில் இருக்கிறது.

என்ன எழுதப் போகிறீர்? தொகுப்பாளினி மிருதுளாவின் இளமைப் பருவமும் குடும்பப் பின்னணியுமா? நல்லது. பின்னணி உமக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. கேளும்.

முதலில், மிருதுளா என்று எங்கள் வீட்டில் யாரும் பிறக்கவில்லை. அவள் பெயர் முப்பிடாதி. எங்கள் குலசாமி பெயர். டி.வி.க்குப் போன இடத்தில் வாய்க்குள் நுழையவில்லை என்று மாற்றிவிட்டார்களாம். அவர்கள் வாய் சின்னது என்றால் எங்கள் சாமி என்ன செய்யும்? நான் செல்லச்சாமி. ரிட்டயர்டு ஏட்டு. ஊரில் ஏட்டையா என்றால் தெரியும். உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதும்.

இப்போது உமக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. எங்கள் வகையறாவில் பெற்றவனை ஐயா என்றுதான் கூப்பிடுவது. நான் என் தகப்பனை ஐயா என்றேன். அவர் அவருடைய தகப்பனை ஐயா என்றார். ஸ்டேஷனிலும் மேலே இருக்கிறவன் ஐயா. வீட்டிலும் மேலே இருக்கிறவன் ஐயா. எனக்கு இரண்டு இடத்துக்கும் ஒரே வார்த்தை. சௌகரியமாக இருந்தது. மகளும் என்னை ஐயா என்றாள்.

அப்பா என்றது என் தம்பியை.

சிரிக்காதேயும். கேளும். தம்பி பெயர் வேலாண்டி. கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. இந்த வீட்டிலேயே கிடந்தான். பிள்ளைக்குப் பேச்சு வருகிற நேரம். சித்தப்பா என்று சொல்லிக்கொடுத்தான். சித் என்பது அவள் வாயில் நிற்கவில்லை. அப்பா மட்டும் நின்றது. பேச்சி திருத்தப் பார்த்தாள். நான்தான் விடச் சொன்னேன். ஒரு வார்த்தைதானே, பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன், வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். சும்மாவே கொடுத்தேன் தம்பி அந்த வார்த்தையை. அதுதான் இன்றைக்கு என்னைக் கொன்றது.

எப்படி என்றா கேட்கிறீர்? உமக்குத் தெரியாதா? உலகமே பார்த்தது. ஏதோ விருதாம். மேடையில் நிற்கிறாள். கேட்கிறவன் கேட்கிறான், "உங்க அப்பாவப் பத்திச் சொல்லுங்க." இவள் கண்ணைத் துடைக்கிறாள். "அப்பா இல்ல. போயிட்டாங்க. மொதமொதல்ல எங்கையில மைக்கக் குடுத்தது அப்பாதான்." எல்லாரும் கை தட்டுகிறார்கள்.

அவள் சொன்னது வேலாண்டியை. எனக்குத் தெரியும், பேச்சிக்குத் தெரியும். உலகத்துக்குத் தெரியுமா? அப்பா போயிட்டாங்க என்றால் உலகத்துக்கு யார் போனது? நான் போனது.

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். தெருமுனையில் ஒரு வேன் நிற்கிறது. விளாத்திகுளத்துச் சொந்தக்காரர்கள். பெண்டுகள் இறங்கும்போதே தலையை அவிழ்த்துவிட்டு இறங்குகிறார்கள். "யாத்தே, எங்கள விட்டுட்டுப் போனீகளே" என்று ஒருத்தி எடுத்துவிட்டாள். நான் வேப்பங்குச்சியோடு வாசலுக்கு வந்து நிற்கிறேன். அவளுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. தொடங்கியாயிற்றே. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த அடியை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

மாலை வேறு கொண்டுவந்திருந்தார்கள். பெரிய ரோஜா மாலை. அதை என்ன செய்ய? பிணத்துக்கு வாங்கினதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. சாமிக்கும் போடக் கூடாது. எனக்குப் போட்டால் நன்றாக இருக்காது. கையில் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஆள் பார்க்கிறார்கள். கடைசியில் நானே வாங்கி முருங்கை மரத்தில் மாட்டினேன். "ஆயுசு கெட்டி மச்சான் உங்களுக்கு" என்றான் ஒருத்தன். வேன் வாடகை போச்சே என்று அவன் முகத்தில் இருந்தது.

டீக்கடைக்குப் போனால் சுடலைமுத்து கேட்கிறான், "ஏட்டையா, இனிமே சீனி போடலாம்லா? இனி என்ன பயம்?" எனக்குச் சர்க்கரை. கடையில் எல்லாரும் சிரிக்கிறார்கள். என்னைக் கண்டால் பெஞ்சில் எழுந்து இடம் விடுகிறவர்கள். அவன் செல்போனில்தான் அந்த விருதைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் டி.வி. கிடையாது. அது வெளியே போய் வெகு காலம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து பேச்சியிடம் சொன்னேன். "நீ போனப் போட்டு அவகிட்டச் சொல்லு. அடுத்த வாட்டி மேடை ஏறும்போது ஐயா இருக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு." அதிகமாகக் கேட்டேனா? அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "அவ தப்பா ஒண்ணும் சொல்லலியே" என்றாள். அவ்வளவுதான். பெயர்தான் பேச்சி. என்னோடு வாழ்ந்த காலத்தில் அவள் சேர்ந்தாற்போல இரண்டு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. நல்ல மனுஷி. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது.

அந்த வாரமே பெட்டியைக் கட்டினாள். எங்கே என்றேன். "கல்யாண வேல கெடக்கு" என்றாள். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்படித்தான் தம்பி, என் மகளுக்குக் கல்யாணம் என்று எனக்குத் தெரிந்தது.

இரும். கல்யாணத்தைப் பிறகு சொல்கிறேன். நீர் இளமைப் பருவம் கேட்டீர்.

வேலாண்டி கேபிள் நடத்தினான். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை. டிஷ், ஒயர், பழைய கேமரா ஒன்று. ஊருக்குள் ஒரு லோக்கல் சேனல் விட்டான். சாயங்காலம் ஆனால் பிறந்தநாள் வாழ்த்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. அதைப் படிக்க ஒரு ஆள் வேண்டும். இவளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தான். பள்ளிக்கூடப் பிள்ளை. பின்னால் பேச்சியின் நீலச் சேலையை ஆணியடித்துக் கட்டியிருந்தான். என் வீட்டுச் சேலை ஊர் முழுக்க டி.வி.யில் தொங்குகிறது. எனக்குத் தெரியாது. நான் டூட்டியில் கிடந்தேன். தெரிந்தபோது அவள் வருஷக்கணக்கில் படித்திருக்கிறாள்.

எப்படித் தெரிந்தது? எங்கள் எஸ்.ஐ. சொன்னார். "ஏட்டு, நேத்து உம்ம மக எங்க மாமியாருக்குக் கண்ணீர் அஞ்சலி வாசிச்சா. எஞ்சம்சாரம் தேம்பித் தேம்பி அழுதுட்டா." எல்லார் முன்னாலும் சொல்கிறார். என் மானம் போயிற்று. சரி, மேலதிகாரி, பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள், கோழி திருடினவன் ஒருத்தன் லாக்கப்பில் இருக்கிறான். அவன் கம்பிக்கு உள்ளே இருந்து கேட்கிறான், "ஏட்டையா மகளா அது? என்னமா பேசுது பிள்ள." கோழித் திருடன், தம்பி. அவன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து என் மகள் பேசுகிறாள். நான் எப்படி விடுவேன்?

வீட்டில் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை கை நீட்டியும் சொன்னேன். வேலாண்டி என் காலைப் பிடித்தான். "அண்ணே, அவளுக்கு அது வருதுண்ணே. தெய்வம் குடுத்தது. கெடுத்துராத." எனக்குப் புத்தி சொல்கிறான். என் சோற்றைத் தின்றுகொண்டு.

அவன் புதுப்படம் போடுவான். எல்லாக் கேபிள்காரனும் போட்டான், இவனும் போட்டான். படம் தியேட்டரில் ஓடும்போதே இங்கே வீட்டுக்கு வீடு ஓடும். அது குற்றம். தகவல் கொடுத்தது நான்தான். எழுதும், எனக்கு என்ன வெட்கம்? எஸ்.ஐ. கூடச் சொன்னார், "உம்ம தம்பிதானவே, கூப்பிட்டு ரெண்டு சத்தம் போட்டு விட்டுருவோம்" என்று. நான் ஒப்பவில்லை. ஊரானுக்கு ஒரு சட்டம், உடன்பிறந்தவனுக்கு ஒரு சட்டமா?

ரெய்டுக்கு நானும் போனேன். மாடி ஏறினால் இவள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். காணவில்லை என்று ஒரு அறிவிப்பு. யாரோ ஒரு கிழவன், நினைவு தப்பியவன், வீட்டைவிட்டுப் போய்விட்டான். வெள்ளை வேட்டி, கழுத்தில் துளசி மணி. நான் கேமராவுக்கு முன்னால் போய் நின்றேன். சும்மா சொல்லக் கூடாது, நானும் ஒரு நாள் டி.வி.யில் வந்திருக்கிறேன். யூனிஃபார்மோடு ஊரே பார்த்தது. "எந்தி" என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. "ஐயா, இந்த ஒரு வரிய மட்டும் முடிச்சிக்கிடுதேன். தேடுதவுக பாத்துக்கிட்டு இருப்பாக" என்றாள். ஒயரைப் பிடுங்கினேன். ஊர் பூராவும் திரை கறுத்துப்போயிற்று.

அந்தக் கிழவன் கிடைத்தானா என்று தெரியாது. அது வேறு ஸ்டேஷன் கேஸ்.

அன்றைக்குத்தான் இந்த வீட்டு டி.வி.யையும் தூக்கி வெளியே போட்டேன்.

வேலாண்டியை உள்ளே வைத்தார்கள். ஜாமீன் நான் எடுக்கவில்லை. போலீஸ்காரன் எடுத்தால் என்ன பேசுவார்கள்? பேச்சியின் தம்பி ஆதிமூலம் போய் எடுத்தான். வந்தவன் வீட்டுக்குள் ஏறவில்லை. தெருவில் நின்று, "அண்ணே, நான் திருப்பூருக்குப் போறேன்" என்றான். "போ" என்றேன். பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு பிள்ளை திருந்திவிட்டாள். அதையும் எழுதும். என் வளர்ப்பு என்ன என்று ஜனங்களுக்குத் தெரியட்டும். வாய் பேசமாட்டாள். "சரி ஐயா." "இல்ல ஐயா." இரண்டே பதில். நான் உள்ளே வந்தால் எழுந்துவிடுவாள். நான் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் அடுப்படியில் பாத்திரச் சத்தம்கூடக் கேட்காது. தாயும் மகளும் ஏதாவது பேசுவார்கள், என் பூட்ஸ் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு மரியாதை. பக்கத்து வீட்டில் எல்லாம் பிள்ளைகள் தகப்பனை எதிர்த்துப் பேசும். என் வீட்டில் நாயும் குரைக்காது.

அப்படி இருந்த பிள்ளை, காலேஜ் முடிந்த வருஷம், ஒரு பையோடு நடையில் நிற்கிறாள். தெருவில் வேலாண்டி. மெட்ராசில் டி.வி.க்கு ஆள் எடுக்கிறார்களாம். கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறான். நான் என்ன சொன்னேன்? எல்லாத் தகப்பனும் சொல்கிறதுதான். "இந்தப் படியத் தாண்டினா ஐயா செத்துட்டான்னு வச்சிக்கோ." அவள் பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். "சரி ஐயா" என்றாள். தாண்டிவிட்டாள்.

என்ன தம்பி, பேனாவை நிறுத்திவிட்டீர்? இல்லை, நீர் நினைக்கிற மாதிரி இல்லை. கோபத்தில் சொன்ன சொல்லை எவளாவது இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்து மேடையில் போய்ச் சொல்லுவாளா? அவள் சொன்னது வேலாண்டியை. மைக் கொடுத்தது அப்பா என்றாளா இல்லையா? நானா மைக் கொடுத்தேன்? அப்போது அவன்தானே? தெளிவாக இருக்கிறது. எழுதும்.

வேலாண்டி திருப்பூரில்தான் செத்தான். நெஞ்சுவலி. அவள் அப்போதுதான் டி.வி.யில் தலைகாட்டத் தொடங்கியிருந்தாள் என்று சொன்னார்கள். நான் போனேன். முறை என்று ஒன்று இருக்கிறதே. பிள்ளை இல்லாதவனுக்கு அண்ணன்தான் கொள்ளி வைக்கணும். பஸ் பிடித்து நான் மயானத்துக்குப் போய்ச் சேர்கிறேன், இவள் ஈரச் சேலையோடு குடம் உடைத்துக்கொண்டிருக்கிறாள். பொம்பளைப் பிள்ளை. ஆதிமூலம் பக்கத்தில் நிற்கிறான், தடுக்கவில்லை. நான் முன்னால் போய்க் கையை நீட்டினேன், "கொண்டா இங்க" என்று. அவள் என்னை நேராகப் பார்த்தாள். முதல் தடவை. "எங்க அப்பாவுக்கு நான்தான வைக்கணும்" என்றாள்.

திருப்பூர்க்காரனுக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியுமா? என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க, தள்ளி நில்லுங்க" என்கிறான். நான் தள்ளி நின்றேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அப்புறம் நான் அவளை நேரில் பார்க்கவில்லை.

தண்ணீர் குடியும். நீரே எடுத்துக் குடியும்.

கல்யாணம் என்றேன் அல்லவா? வருகிற ஆவணியில். மாப்பிள்ளை கேமராக்காரனாம். நல்ல பையன் என்று சொல்கிறார்கள். இருக்கட்டும். எங்களில் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கணும். பெண்ணின் கையை மாப்பிள்ளை கைமேல் வைத்து, தகப்பன் தண்ணீர் விடணும். செம்பைத் தாய் சாய்ப்பாள், தகப்பன் கை நடுவில் இருக்கும். தகப்பன் இல்லாவிட்டால்தான் தாய்மாமன். ஆதிமூலமும் அவன் பெண்டாட்டியும் நிற்கப் போகிறார்களாம். விளாத்திகுளத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்லி அனுப்பியது அந்த ஒப்பாரிக்காரிதான்.

நான் இருக்கிறேன் தம்பி. நான் இருக்கும்போது எப்படித் தாய்மாமன் நிற்பான்? மாப்பிள்ளை வீட்டுக்காரன் டி.வி. பார்க்கிறவன். அப்பா இல்லை என்று அவள் வாயாலேயே கேட்டிருக்கிறான். நான் நானாகப் போய் மண்டபத்தில் ஏறினால் யார் என்பான்? திருப்பூரில் கேட்ட மாதிரி தள்ளி நில்லுங்க என்பானா? எத்தனையோ பேரைப் பிடரியைப் பிடித்துத் தள்ளியிருக்கிறேன். என்னை ஒருவன் தள்ளினால் எனக்கு எங்கே போவது என்று தெரியாது.

கூப்பிட்டால் போவேன். கூப்பிடணும். பெற்றவனைக் கூப்பிடவேண்டும் என்று யாராவது அவளிடம் சொல்லணும். பட்டு வேட்டி எடுத்து வைத்துவிட்டேன். அதைப் பார்க்க வேண்டுமா? வேண்டாம். விடும்.

பேச்சியின் போனை வேறு யாரோ எடுக்கிறார்கள். "அம்மா குளிக்காங்க" என்கிறார்கள். எந்நேரமும் குளிப்பாளா ஒருத்தி? மகளுடைய நம்பருக்கு என் போனில் இருந்து அடித்தால் போவதே இல்லை. சுடலைமுத்துதான் சொன்னான், காலையில் அவள் நிகழ்ச்சி ஒன்று நேரடியாக வருகிறது, 'விடிஞ்சாச்சு வாங்க' என்று, யார் வேண்டுமானாலும் போன் போட்டுப் பேசலாம், பாட்டுக் கேட்கலாம் என்று. நம்பரும் கொடுத்தான். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் அதுதான் வேலை. அடித்துக்கொண்டே இருப்பேன். லைன் கிடைக்காது. அந்த நம்பரை விரல் தானாகப் போடும். காலையில் சோறு இறங்குவதில்லை.

போன வாரம் கிடைத்துவிட்டது.

என்ன சொல்லணும் என்று எத்தனை நாள் யோசித்து வைத்திருந்தேன் தெரியுமா? "ஐயா பேசுறேன். உன் கல்யாணத்துக்கு வாரேன். தாரை வார்க்க என்னையக் கூப்பிடு." அவ்வளவுதான். மூன்று வாக்கியம். சாமி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். லைன் கிடைத்ததும் "யாரு பேசுறீங்க?" என்றாள். "நான்தான்" என்றேன். "சொல்லுங்க ஐயா" என்றாள். எந்தக் கிழவனையும் சொல்கிற மாதிரி. சொல்லுங்க ஐயா, என்ன பாட்டு வேணும் ஐயா. ஊருக்குப் பொதுவான ஐயா. அவளுக்கு என் குரல் தெரியவில்லை. போனில் குரல் மாறும் அல்லவா? எனக்கு இப்போது தொண்டையும் கட்டியிருக்கிறது. பெற்றவன் என்று தெரிந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பாளா? இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

அதனால்தான் உம்மிடம் சொல்கிறேன். நீர் அவளைப் பார்க்கப் போவீர். அன்றைக்குப் பேசினது உங்க ஐயா, உனக்குத் தெரியாமல் போயிற்று, அவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லும். உமக்கு இந்த இளமைப் பருவம் எல்லாம் எதற்குச் சொன்னேன் என்று நினைக்கிறீர்? நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கேட்கிறேன்.

போனை எதற்கு எடுக்கிறீர்?

என்ன? இன்னொரு தடவை சொல்லும்.

எல்லாக் கிழவனையும் அவள் அப்பா என்றுதான் கூப்பிடுவாளா? யார் சொன்னது? நீர் தினம் பார்க்கிறீரா? இருக்காது. என்னை ஐயா என்றாளே. நான் காதால் கேட்டேனே.

உம்முடைய போனில் இருக்கிறதா, அந்த நாள் நிகழ்ச்சி? போடும். கண்ணாடியை எடுத்துக்கொள்கிறேன். இங்கே பிடியும், கை ஆடாமல் பிடியும்.

இவளா? மெலிந்துபோயிருக்கிறாள். காதில் கம்மல் இல்லை. பேசுகிறாள், பேசுகிறாள், மூச்சு விடாமல் பேசுகிறாள். இவ்வளவு சிரிப்பாளா?

இவன் யார்? கிழவன் மாதிரிதான் இருக்கிறது. "சொல்லுங்கப்பா, எந்த ஊருலருந்து பேசுறீங்க?" சரி. அப்பா என்றுதான் சொல்கிறாள். ஊர் கேட்கிறாள், சாப்பாடு கேட்கிறாள். பேரன் பெயர்கூடக் கேட்கிறாள். எல்லாரிடமும் இப்படியா?

அடுத்து யார், இப்படிக் கரகரவென்று? "நான்தான்" என்கிறான். யார் இவன், ஆள் பெயர் சொல்லமாட்டானா?

நானா?

இதுவா என் குரல்?

நிறுத்தாதேயும். ஓடட்டும். அவள் ஏன் பேசவில்லை? சிரிப்பு எங்கே? கையைப் பாரும், ஒரு கையை இன்னொரு கை பிடித்துக்கொண்டிருக்கிறது. "சொல்லுங்க ஐயா." ஊர் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் ஊர் கேட்கவில்லை. "என்ன பாட்டு வேணும் ஐயா?" "ஏதாச்சும்." "சாப்பிட்டீங்களா ஐயா?" "ம்."

தெரிந்திருக்கிறது. அப்படித்தானே? முதல் வார்த்தையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"வேற ஏதாச்சும் சொல்லணுமா ஐயா?"

பாட்டு வரவில்லையே. டி.வி.யில் இப்படிச் சும்மா விடமாட்டார்களே. அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள், யாரோ பக்கத்தில் இருந்து கையைக் காட்டி அவசரப்படுத்துகிறான் போல, அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். "சொல்லணும்னா சொல்லுங்க ஐயா. இருக்கேன்." தம்பி, சத்தியமாக இது என் காதில் விழவில்லை. இருக்கேன் என்றாளா? இதை நான் கேட்கவே இல்லை. நான் அந்த மூன்று வாக்கியத்தில் முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுமில்ல. வை."

யார் வை என்றது? லைன் கட்டானது என்றேனே உம்மிடம். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனில் அப்படித்தான் முடிப்பது. வேலை முடிந்தால் வை என்பது. அது வாயில் வருவது. அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. அவளுக்கு அது தெரியுமா? நீர் சொல்லுவீரா, அதற்கு அர்த்தம் கிடையாது என்று?

எடுக்காதேயும். இன்னும் ஓடுகிறதே.

கண்ணைத் துடைக்கவில்லை. தண்ணீர் குடிக்கிறாள். சிரித்துவிட்டாள். அடுத்த ஆள் வந்துவிட்டான். இவனும் கிழவன்தான். "சொல்லுங்கப்பா." அவன் முட்டி வலிக்கிறது என்கிறான். பெண்டாட்டி தைலம் தேய்த்துவிடமாட்டேன் என்கிறாளாம். அவள் கேட்கிறாள். இன்னும் சொல்கிறான். எவ்வளவு லேசாகச் சொல்கிறான் பாரும்.